டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு டிரான்ஸ்மிஷன் கூலர் பொருத்துவது எப்படி?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, பின்னால் கேம்பரையோ படகையோ மாட்டிக்கொண்டு கோடை விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் ஏராளம். இஞ்சின் தாங்குமா, பிரேக் பிடிக்குமா என்று விசாரிப்பார்கள். ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பாரம் இழுக்கிற வண்டியில் அதிகம் அடிவாங்கும் பாகங்களில் அதுவும் ஒன்று. அதைப் பிரித்துக் கட்டுவதற்கு ஆகும் செலவு, சில சமயம் பழைய வண்டியின் விலையில் பாதியை விழுங்கிவிடும். அதைத் தள்ளிப்போட நம் கையாலேயே செய்யக்கூடிய வேலை, கூடுதலாக ஓர் ஆயில் கூலர் பொருத்துவது. வீட்டு முற்றத்தில், சாதாரணக் கருவிகளோடு, ஒரு சனிக்கிழமையில் முடிகிற வேலை.

இதில் நான் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது 1999 முதல் 2006 வரை வந்த தலைமுறையின் செவர்லே சில்வராடோ 1500, அதிலுள்ள 4எல்60-இ என்ற நான்கு கியர் டிரான்ஸ்மிஷன். இந்த வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன, உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கிறது, ஆயில் அளவு பார்க்க டிப்ஸ்டிக் இருக்கிறது. புதிதாக வேலை பழகுகிறவருக்கு இதைவிட வசதியான வண்டி கிடைப்பது கடினம். மற்ற வண்டிகளில் எது மாறும் என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது

இஞ்சினுக்கும் டிரான்ஸ்மிஷனுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றை ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் மெல்லச் சுழலும் அல்லவா? கன்வெர்ட்டரில் காற்றுக்குப் பதில் ஆயில். இஞ்சின் பக்கம் வேகமாகவும் டிரான்ஸ்மிஷன் பக்கம் கொஞ்சம் மெதுவாகவும் சுழலும். அந்த வித்தியாசத்தால் வீணாகும் சக்தி ஆயிலில் சூடாக மாறுகிறது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். அப்போது இந்தச் சூடு கிட்டத்தட்ட நின்றுவிடும். பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது லாக்-அப் விடுபடும், கியர் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஊசலாடும், ஆயில் வெப்பம் மளமளவென்று ஏறும். சரிவான இடத்தில் டிரெய்லரை மெதுவாக ரிவர்ஸ் எடுப்பதும் அப்படித்தான். ரிவர்ஸில் லாக்-அப் கிடையாது, முன்பக்கம் காற்றும் வராது.

ஆயிலுக்கு ஏற்ற வெப்பம் சுமார் 175 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 80 முதல் 93 செல்சியஸ். அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறும்போதும் ஆயிலின் ஆயுள் பாதியாகிறது என்பது மெக்கானிக்குகள் நெடுநாளாகச் சொல்லும் கணக்கு. துல்லியமான விதி என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை சரி. 240 டிகிரியை ஒட்டி ஆயிலிலிருந்து வார்னிஷ் போன்ற படிவு உண்டாகத் தொடங்கும். 260-இல் ரப்பர் சீல்கள் இறுகும். 300-ஐ நெருங்கினால் கிளட்ச் தட்டுகளே வழுக்க ஆரம்பிக்கும். இந்தக் கணக்கில், ஒரு கூலர் 20 டிகிரி குறைத்துக் கொடுத்தாலே பெரிய லாபம்.

வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினித் தகவல்களைப் படிப்பதற்காக இருக்கும் ஓபிடி-2 சாக்கெட்டில் செருகும் சிறிய புளூடூத் கருவி ஒன்றை வாங்குங்கள். டிரான்ஸ்மிஷன் வெப்பத்தைக் காட்டும் செயலியைப் போனில் நிறுவிக்கொள்ளுங்கள். எல்லாச் செயலிகளும் அந்த அளவைத் தானாகக் காட்டுவதில்லை, உங்கள் வண்டிக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில், வழக்கமான பாரத்தோடு, ஒரு வெயில் நாளில் ஓட்டிப் பாருங்கள். அதிகபட்சம் எவ்வளவு ஏறியது, எந்த ஏற்றத்தில் ஏறியது என்று குறித்து வையுங்கள். 4எல்60-இ-யில் வெப்ப சென்சார் அடியில் ஆயில் தேங்கும் பகுதியில் இருக்கிறது. கன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் ஆயில் அதைவிடச் சூடாக இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையேற்றத்திலும் 200-ஐத் தாண்டவில்லை என்றால் உங்களுக்குக் கூலர் தேவையில்லை. அந்தப் பணத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். 220-ஐத் தாண்டி அங்கேயே நிற்கிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அடுத்து, வண்டியில் ஏற்கெனவே கூலர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சில்வராடோக்களில் கையுறைப் பெட்டியைத் திறந்தால் மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிசையாக அச்சிட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் கே.என்.பி. என்று இருந்தால் தொழிற்சாலையே கூடுதல் டிரான்ஸ்மிஷன் கூலர் போட்டிருக்கிறது என்று அர்த்தம். இசட்82 என்பது டிரெய்லர் இழுக்கும் அமைப்பு. ஜி.டி.4 என்றால் பின் அச்சின் விகிதம் 3.73, ஜி.யூ.6 என்றால் 3.42. 3.42 உள்ள வண்டி அதே பாரத்தை இழுக்க அதிகம் திணறும். ஸ்டிக்கர் கிழிந்து போயிருந்தால் கிரில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கு முன்னால் சிறிய தனி ரேடியேட்டர் போல ஒன்று தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயிலை வெள்ளைத் தாளில் தொட்டு வைத்துப் பாருங்கள். சிவப்பு மங்கிப் பழுப்பானால் பரவாயில்லை, மாற்றிவிடலாம். கருகிய வாடை அடித்து, கியர் வழுக்கவும் செய்கிறது என்றால் உள்ளே கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. கூலர் அதை மீட்காது.

எதை வாங்குவது

மூன்று வகை கிடைக்கும். குழாயை வளைத்து வளைத்துத் தகடு கோர்த்தது மிக மலிவு. தட்டையான பாதைகளும் இடையிடையே தகடுகளும் கொண்டது நடுத்தரம். தட்டுகளை அடுக்கி ஒட்டவைத்தது மூன்றாவது. இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஒரே அளவில் இது அதிகச் சூட்டை வெளியேற்றும், ஆயில் ஓட்டத்தைக் குறைவாகத் தடுக்கும். குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது அதை எளிதாகக் கடந்து போகவும் விடும். ஹேடன், டெரேல், ட்ரூ-கூல், பி அண்ட் எம் ஆகியவை பல காலமாக இருக்கும் பெயர்கள். பெட்டியின் மேல் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடைக்கு ஏற்ற அளவு போட்டிருக்கும். 5,000 பவுண்டு கேம்பர் இழுப்பவருக்குச் சுமார் 11 அங்குலச் சதுரமும் ஒன்றரை அங்குலத் தடிமனும் உள்ள ஒன்று தாராளம்.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் கூலர் வாங்காதீர்கள். முந்தைய வண்டியின் டிரான்ஸ்மிஷன் எப்படிச் செத்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதன் இரும்புத் துகள்கள் கூலருக்குள் தங்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுவதும் வராது.

ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்கென்று செய்த ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சாகியிருக்கும். இந்த வண்டிக்கு உள்விட்டம் எட்டில் மூன்று பங்கு அங்குலம். ஹீட்டருக்குப் போடும் தண்ணீர் ஹோஸ் ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். கிட்டோடு வரும் ஹோஸ் மிக மெல்லியதாக இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதை வாங்குங்கள். கிளாம்புகளும் அப்படித்தான்: உட்புறம் வழவழப்பாக, ரப்பரை வெட்டாதபடி இருக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வகைதான் நல்லது. இவற்றோடு ரேடியேட்டர் இணைப்புக்கான அடாப்டர்கள், டெக்ஸ்ரான் 6 டிரான்ஸ்மிஷன் ஆயில் இரண்டு குவார்ட், புனல், ஆயில் பிடிக்கும் தட்டு, அலுமினியப் பட்டைகள் இரண்டு வாங்கி வையுங்கள்.

எந்த இடத்தில் இணைப்பது

இந்த ஒரு முடிவு சரியாக இருந்தால் மற்றதெல்லாம் ஸ்பேனர் வேலை. வண்டியில் முதலிலிருந்தே ஒரு கூலர் உண்டு: ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள், கூலண்டுக்கு நடுவே. டிரான்ஸ்மிஷனிலிருந்து கிளம்பும் ஆயில் ஒரு பைப் வழியாக அதற்குள் போய், இன்னொரு பைப் வழியாகத் திரும்புகிறது. நம் புதிய கூலர் அந்தத் திரும்பும் பைப்பில் உட்கார வேண்டும். ரேடியேட்டர் முதலில் பெருஞ்சூட்டை எடுத்துவிடும், மிச்சத்தைக் காற்று எடுக்கும். குளிர்ந்த காலையில் ரேடியேட்டர் ஆயிலைச் சூடேற்றியும் கொடுக்கும். அளவுக்கு மீறிக் குளிர்ந்த ஆயிலும் டிரான்ஸ்மிஷனுக்கு நல்லதில்லை. வின்னிபெக், எட்மன்டன் போன்ற ஊர்களில் குளிர்காலத்திலும் இதே வண்டியை ஓட்டுகிறவர்கள், வெப்பம் ஏறும்வரை ஆயிலைக் கூலருக்கு அனுப்பாமல் திருப்பிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரேடியேட்டரை அடியோடு ஒதுக்கிவிட்டு வெளிக் கூலரை மட்டும் வைக்கலாமா என்று கேட்பார்கள். பொதுவாக வேண்டாம் என்பேன். விதிவிலக்காக நிசான் ஃபிரான்டியரைச் சொல்லலாம். 2005 முதல் 2010 வரையிலான ஃபிரான்டியர், எக்ஸ்டெர்ரா, பாத்ஃபைண்டர் வண்டிகளில் ரேடியேட்டருக்குள் இருக்கும் அந்தக் கூலர் விரிசல் விட்டு, கூலண்டும் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் கலந்து ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் நிறத்தில் ஆகி, டிரான்ஸ்மிஷனே போய்விடும் சிக்கல் பரவலாக அறியப்பட்டது. அந்த வண்டிகளில் பழைய ரேடியேட்டரை மாற்றுவது, அல்லது ஒதுக்குவது நியாயமான முடிவு.

திரும்பும் பைப் எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரவு முழுவதும் நின்று குளிர்ந்த வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியருக்கும் மாற்றிவிட்டுப் பார்க்கில் நிறுத்துங்கள். ரேடியேட்டர் பக்கம் வரும் இரண்டு பைப்புகளையும் தொட்டுப் பாருங்கள். முதலில் சூடாவது டிரான்ஸ்மிஷனிலிருந்து வருவது. மற்றது திரும்புவது. ஃபேன் சுழன்றுகொண்டிருக்கும், தொங்கும் சட்டைக் கை, சங்கிலி எதுவும் இருக்கக் கூடாது.

இனி வேலை

1. சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். இந்த வண்டி உயரமானது, பெரும்பாலும் முன்னாலிருந்தே செய்துவிடலாம். அடியில் நுழைய வேண்டியிருந்தால் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இஞ்சின் ஆறட்டும்.

2. கிரில்லைக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் கொக்கிகள் பழையதாகி இறுகிப்போயிருக்கும், அவசரப்பட்டால் உடையும்.

3. கூலரை ஏசி கண்டென்சருக்கு முன்னால் பிடித்துப் பார்த்து இடம் முடிவு செய்யுங்கள். கண்டென்சரிலிருந்து கால் முதல் அரை அங்குல இடைவெளி போதும். ஆயில் வாய்கள் மேல்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழ்நோக்கி வைத்தால் மேலே காற்று சிக்கிக்கொள்ளும்.

4. கிட்டோடு பிளாஸ்டிக் ஊசிகள் வரும். அவற்றைக் கண்டென்சரின் தகடுகளுக்கு நடுவே குத்தி இறுக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சாலை அதிர்வில் அவை ஆண்டுக்கணக்கில் உரசி, கண்டென்சரையோ ரேடியேட்டரையோ ஓட்டையாக்கும். மேலே உள்ள குறுக்குச் சட்டத்திலிருந்து கீழ்ச் சட்டம் வரை இரண்டு அலுமினியப் பட்டைகளைப் போல்ட் போட்டு நிறுத்தி, கூலரை அவற்றில் மாட்டுங்கள். ஒரு மணி நேரம் கூடும். பத்து வருடம் ஆடாமல் நிற்கும். துளை போடும்போது டிரில் முனை எதிர்ப்பக்கம் எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஆயில் தட்டை அடியில் வைத்துவிட்டு, திரும்பும் பைப்பை ரேடியேட்டரிலிருந்து கழற்றுங்கள். இணைப்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைப் பின்னால் தள்ளினால் கம்பிக் கிளிப் தெரியும். கூர்முனைக் கருவியால் கிளிப்பை நெம்பி எடுத்தால் பைப் நேராக வெளியே வரும். கொஞ்சம் ஆயில் கொட்டும். கிளிப் தெறித்து ஓடும் ரகம், புதிது ஒன்று கையில் இருக்கட்டும்.

6. ரேடியேட்டரில் அடாப்டரைப் பொருத்துங்கள். உலோகப் பைப்பின் முனைக்கும் அடாப்டர் கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காமல் பைப்பை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உருட்டி வெட்டும் பைப் கட்டரைப் பயன்படுத்துங்கள். ஆக்ஸா பிளேடு இங்கே கூடவே கூடாது. கூலரிலிருந்து திரும்பும் ஆயில் டிரான்ஸ்மிஷனுக்குள் நேராகப் பல்சக்கரங்களுக்கும் புஷ்களுக்கும் மசகாகப் போகிறது. நடுவில் ஃபில்டர் கிடையாது. அறுத்த தூள் நேராக அங்கே போய்ச் சேரும். வெட்டிய முனையை ஃப்ளேர் கருவியால் லேசாக விரித்து உதடு உண்டாக்குங்கள். வழவழப்பான பைப்பில் வெறும் கிளாம்பை நம்பி ஹோஸ் மாட்டினால், ஒருநாள் அழுத்தத்தில் கழன்று, சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் சாலையில் கொட்டிவிடும்.

7. ரேடியேட்டரிலிருந்து கூலருக்கு ஒரு ஹோஸ், கூலரிலிருந்து உலோகப் பைப்புக்கு ஒரு ஹோஸ். முனைக்கு மேல் ஓர் அங்குலமாவது ஏற வேண்டும். ஹோஸ் எங்கேயும் மடங்கக் கூடாது. மேலே சொன்ன காரணம்தான்: ஓட்டம் அடைபட்டால் சூடு ஏறுவதோடு நிற்காது, பல்சக்கரங்கள் மசகில்லாமல் காயும். தகட்டின் ஓரம் ஹோஸில் படும் இடத்தில் ரப்பர் வளையமோ, பழைய ஹோஸைப் பிளந்து செய்த உறையோ போடுங்கள். ஃபேன், பெல்ட், எக்ஸாஸ்ட் பக்கமே போக வேண்டாம்.

8. கிளாம்புகளை இறுக்கி, அரைக் குவார்ட் ஆயில் ஊற்றி, பார்க்கில் இஞ்சினை ஓடவிடுங்கள். ஒவ்வோர் இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியருக்கும் மாற்றி, மறுபடி பார்க்கில் வைத்து, இஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக் பாருங்கள். குறைவாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். டிரெய்லர் இல்லாமல் கால் மணி நேரம் ஓட்டி, சூடான நிலையில் கடைசி அளவு. அதிகமாக ஊற்றிவிட்டால் ஆயில் நுரைக்கும், அதுவும் கெடுதல்தான். இரவு அடியில் ஓர் அட்டையை விரித்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் சொட்டு இருக்கிறதா என்று அது சொல்லும்.

புதிய வண்டிக்காரர்களுக்கு

பல புதிய டிரான்ஸ்மிஷன்களில் டிப்ஸ்டிக் இல்லை. குறிப்பிட்ட வெப்பத்தில், வண்டியைச் சமமாக நிறுத்தி, அடியிலுள்ள திருகைக் கழற்றி வழியும் ஆயிலை வைத்து அளவு பார்க்க வேண்டும். பழகாதவர் இதைக் கடையில் கொடுத்துச் செய்வதே நல்லது. ஆயிலும் வேறு: ஃபோர்டின் பத்து கியர் டிரான்ஸ்மிஷனுக்கு மெர்கான் யூ.எல்.வி., டொயோட்டாவுக்கு டபிள்யூ.எஸ். இவற்றைக் கலக்கக் கூடாது. தெர்மோஸ்டாட் வால்வு உள்ளேயே இருக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் 190, 200 டிகிரி என்பது தயாரிப்பாளர் வேண்டுமென்றே வைத்திருக்கும் அளவு. கூடுதல் கூலர் போட்டும் சாதாரண ஓட்டத்தில் எண் இறங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். மலையேற்றத்தில் அது எவ்வளவு ஏறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உத்தரவாதம் பற்றிய பயமும் இருக்கும். அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப் பாகம் ஒன்றைப் போட்டதற்காக மட்டும் உத்தரவாதத்தை மறுக்க முடியாது. அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்றால் மறுக்கலாம்.

கூலர் எதை மாற்றாது

கூலர் மாட்டியதால் வண்டியின் இழுவைத் திறன் ஒரு பவுண்டுகூட அதிகரிக்காது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மாட்டிய தைரியத்தில் பெரிய டிரெய்லர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டிகளின் இழுவைத் திறனைக் கணக்கிடும் எஸ்ஏஇ ஜே2807 என்ற அளவுகோலின்படி, அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் 11.4 மைல் ஏற்றத்தில், குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, முழுப் பாரத்தோடு மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் வண்டி ஏற வேண்டும். டொயோட்டா 2011 மாடலிலேயே இதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க நிறுவனங்கள் சில வருடம் கழித்துத்தான் வந்தன. அதனால் நம் பழைய சில்வராடோவின் புத்தகத்தில் இருக்கும் எண் இந்தச் சோதனைக்கு முந்தையது. அதன் விளிம்பு வரை போகாமல் கொஞ்சம் இடம் விட்டு ஏற்றுவது என் அறிவுரை. வண்டியின் அடிச்சட்டகம், பிரேக், கொக்கி, டயர் எல்லாம் எடைக்கணக்கில்தான் நிற்கின்றன. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் இறங்க வேண்டும். ஒன்டாரியோவில் 1,360 கிலோ மொத்த எடையை எட்டும் டிரெய்லருக்குத் தனி பிரேக் சட்டப்படி கட்டாயம்.

பொருத்திய பிறகு

முன்பு அளந்த அதே பாதையில், அதே பாரத்தோடு மறுபடி ஓட்டி எண்களை ஒப்பிடுங்கள். ஏற்றம் வருவதற்கு முன்பே, பாரம் இழுப்பதற்கென்று இருக்கும் டோ/ஹால் பொத்தானை அழுத்துங்கள். கியர் ஊசலாடினால் நீங்களே மூன்றில் வைத்துவிடுங்கள். இஞ்சின் சத்தம் கூடும், ஆனால் ஆயில் வெப்பம் இறங்கும். 240-ஐ நெருங்கினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் பார்க்கில் கொஞ்சம் வேகமாக ஓடவிடுங்கள். பாரம் இல்லாமல் ஆயில் கூலர் வழியாகச் சுற்றிச் சில நிமிடங்களில் ஆறும்.

முதல் நீண்ட பயணம் முடிந்ததும் கிளாம்புகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். சூட்டில் ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும். கோடை முடிவில் கூலர் தகடுகளில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைக் குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். அழுத்தம் கூடினால் தகடுகள் மடங்கிவிடும். டிரெய்லர் இழுக்கும் இந்த வண்டிகளுக்கு 50,000 மைலுக்கு ஒருமுறை டிரான்ஸ்மிஷன் ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொல்கிறது ஜிஎம் கையேடு. கூலர் இருந்தாலும் அந்தக் கணக்கை நீட்ட வேண்டாம். அடியில் ஆயில் தேங்கும் தட்டான ‘பான்’-ஐக் கழற்றினால் சுமார் 5 குவார்ட் வெளியே வரும், மீதி கன்வெர்ட்டரில் தங்கும். பானுக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை படிந்திருந்தால் அது வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டு மூடலாம். விரலில் குத்தும் துண்டுகள் இருந்தால் அடுத்த பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு நல்ல டிரான்ஸ்மிஷன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.